நிமிஷத்துக்கு 16 சொட்டு

போன மே மாதக் கடைசியில் காசிமேட்டிலிருந்து ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். எங்கள் நைனா காலத்திலிருந்து பழக்கம். மகளின் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் ஒரு துணிக்கடைக் கவருக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எக்கா, பாப்பா நர்ஸுக்குத்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்குது. மொத்தமா எவ்ளோ ஆவும்னு மட்டும் சொல்லு. மீதிய நான் பாத்துக்கறேன்."

30 வருஷத்துக்கு மேல் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்தவள் நான். முதலில் ஸ்டாஃப் நர்ஸ், கடைசிக் காலத்தில் செவிலியர் பயிற்சிப் பள்ளியில் டியூட்டர். அப்படிப்பட்ட எனக்கே அவர் கேட்டதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல வாய் வரவில்லை. அரசுக் கல்லூரியிலோ அரசு பயிற்சிப் பள்ளியிலோ இடம் கிடைத்துவிட்டால் வருஷத்துக்குச் சில ஆயிரத்தில் படித்துவிடலாம். கிடைக்காவிட்டால் லட்சத்தில் பேச வேண்டும். கிடைக்குமா கிடைக்காதா என்று தெரிய இன்னும் சில மாதங்கள் ஆகும்.

அந்தப் பெண்ணை தேவி என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் வேண்டாம்.

கடலோரத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2017-க்கு முன்னால் 45 நாளாக இருந்தது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால் தடை வேண்டியதுதான், அதில் யாருக்கும் சண்டையில்லை. ஆனால் பிளஸ் டூ ரிசல்ட் வருவதும், தனியார் கல்லூரிகள் "இந்த வாரத்துக்குள் அட்வான்ஸ் கட்டினால்தான் சீட்" என்று போன் போட்டுக் கூப்பிடுவதும் சரியாக இந்த இரண்டு மாதத்துக்குள் விழுகிறது. படகு கரையில் கட்டிக்கிடக்கும், வலை வீட்டு வாசலில் குவிந்துகிடக்கும், வட்டிக்காரர் மட்டும் தொழிலில் இருப்பார். நர்சிங்குக்கான அரசுக் கலந்தாய்வோ மருத்துவக் கலந்தாய்வெல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு மெதுவாக வரும். அதுவரை காத்திருக்கத் துணிச்சல் இல்லாத குடும்பம் மகளின் நகையை அடகு வைத்துத் தனியாரில் கட்டிவிடும். பிறகு அரசு இடமே கிடைத்தாலும் கட்டிய பணமும் கொடுத்த ஒரிஜினல் சான்றிதழும் திரும்பி வருமா என்ற பயத்தில் அங்கேயே இருந்துவிடும். இப்படி நான் கண்ணால் பார்த்த பெண்கள் ஐந்தாறு பேர் இருப்பார்கள். கலந்தாய்வை ஒரு மாதம் முன்னால் கொண்டுவர அரசுக்கு ஒரு பைசா செலவில்லை. ஒரு ஏழைக் குடும்பத்துக்கு அதன் மதிப்பு எந்த உதவித்தொகையையும் விடப் பெரியது.

என் கதையைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன், ஏனென்றால் அரசுப் பணத்தில் படித்தவள் என்பதுதான் இதையெல்லாம் எழுத எனக்கு இருக்கும் ஒரே உரிமை.

நானும் காசிமேடுதான். நைனாவுக்குப் பங்குப் படகு. ஆயா மீன் கூடை சுமந்து தண்டையார்பேட்டை வரை தெருத்தெருவாக விற்றுவருவாள். 1986-இல் பிளஸ் டூ முடித்தேன். ஸ்டான்லியில் செவிலியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. ஹாஸ்டல், சாப்பாடு, வெள்ளைச் சீருடை, கையில் மாதா மாதம் ஒரு சிறு தொகை. அந்தத் தொகை இன்றைய கணக்கில் ஒன்றுமில்லை. ஆனால் வீட்டிலிருந்து பணம் வாங்காமல் வீட்டுக்கு ஒரு நோட்டை நீட்டுகிற பெண்ணாக நான் ஆனது அந்த நாளில்தான். ஆயா அதை வாங்கி முந்தானையில் முடிந்து வைத்தாள். செலவே பண்ணவில்லை, பல வருஷம்.

ஸ்டான்லி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு பெரிய மருத்துவமனையின் பெயர். எங்கள் ஆயாவுக்கு அது கடைசிவரை கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. 1780-களின் தொடக்கத்தில் ஹைதர் அலியோடு நடந்த சண்டையும் பஞ்சமும் சேர்ந்து ஊர் ஊராக ஜனங்களைச் சென்னைப் பக்கம் துரத்தியபோது, பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-இல் மணியக்காரர் சத்திரம் வந்தது. கஞ்சி குடிக்க வந்தவர்களில் பலருக்கு நோய். அதனால் 1799-இல் ஜான் அண்டர்வுட் என்ற டாக்டர் அந்தச் சத்திரத்தை ஒட்டியே வைத்தியசாலை தொடங்கினார். 1877-இல் அங்கே துணை மருத்துவப் பள்ளி வந்தது. 1938-இல் அது ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆனது. பசியாற்ற ஓர் இடம், பிறகு வைத்தியம் பார்க்க ஓர் இடம், பிறகு வைத்தியம் சொல்லிக்கொடுக்க ஓர் இடம் என்று பழைய ஜெயில் ரோட்டின் அதே மண்ணில் ஒன்றிலிருந்து ஒன்று முளைத்தது. வடசென்னையின் ஏழைகள்தான் அங்கே நோயாளிகள். அவர்கள் உடம்பைத் தொட்டுத்தான் தலைமுறை தலைமுறையாக டாக்டர்களும் நர்ஸுகளும் தொழில் கற்றார்கள். அந்த ஜனங்களின் பெண்பிள்ளைகள் அதே இடத்தில் படிப்பது தர்மமாக யாரோ போடுவது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பல தலைமுறை நோயில் கட்டணம் முன்கூட்டியே கட்டியாயிற்று.

இந்த நாட்டில் நர்ஸுக்கு முறையாகப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியதிலும் சென்னைக்கு முன்னிடம் உண்டு. 1871-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் அது தொடங்கியது. 1926-இலேயே சென்னை மாகாணம் செவிலியர், மருத்துவச்சிகளுக்கென்று சட்டம் போட்டுப் பதிவு முறையைக் கொண்டுவந்துவிட்டது. நாடு தழுவிய இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்ததே 1947-இல்தான். அதற்கு முந்தின வருஷம் சர் ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையிலான குழு கொடுத்த அறிக்கையைப் பார்த்தால், அன்றைக்கு நாடு முழுவதும் இருந்த நர்ஸுகள் சுமார் 7,000 பேர், அதாவது ஏறக்குறைய 43,000 பேருக்கு ஒருவர். அந்த இடத்திலிருந்துதான் வந்திருக்கிறோம். வந்த தூரம் கொஞ்சமில்லை.

இனி, நான் எதற்காக இதை எழுத உட்கார்ந்தேனோ அதைச் சொல்கிறேன்.

முதல் வருஷம் பாதி முடிந்திருந்தது. ஆண்கள் மெடிக்கல் வார்டில் போஸ்டிங், அதாவது வார்டுப் பயிற்சி. ஒரு பெரியவர், எழுபது வயதுக்குக் குறையாது, இதய நோய். டிரிப்ஸ் போட்டிருந்தார்கள். அப்போதெல்லாம் கண்ணாடி பாட்டில். அரை லிட்டர், எட்டு மணி நேரத்தில் போக வேண்டும் என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது. பாட்டிலை மாற்றிய நான், குழாயில் சொட்டைக் கூட்டிக் குறைக்கும் ரோலரைத் தள்ளிவிட்டு, சொட்டு விழுவதைப் பார்த்ததும் திருப்தியாக அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். இன்சார்ஜ் சிஸ்டர் பின்னாலேயே வந்து நின்றார்.

"எத்தனை?"

"ஓடுது சிஸ்டர்."

"ஓடறது எனக்கும் தெரியுது. எத்தனைன்னு கேட்டேன்."

பதில் இல்லை. அவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் வைத்தார். ஒரு முழு நிமிஷம் எண்ணச் சொன்னார். எண்ணினேன். 40 சொட்டு. கணக்குப் போடச் சொன்னார், அங்கேயே, நின்றபடியே. அந்த டிரிப்ஸ் செட்டில் ஒரு மில்லிக்கு 15 சொட்டு. 500 மில்லிக்கு 7,500. எட்டு மணி நேரம் என்பது 480 நிமிஷம். வகுத்தால் நிமிஷத்துக்கு 16 சொட்டுக்குக் கொஞ்சம் குறைவு. நான் 40 விட்டிருக்கிறேன். அவர் என்னைத் திட்டவில்லை. பெரியவரின் காலருகே அழைத்துப்போய், முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தச் சொன்னார். அழுத்தி எடுத்தேன். குழி விழுந்து அப்படியே நின்றது. மாவில் விரல் வைத்த மாதிரி. "ஏற்கெனவே உடம்புல தண்ணி நிக்குது பாரு. நீ விட்ட வேகத்துல போயிருந்தா நடுராத்திரி மூச்சு வாங்கி எழுந்து உக்காந்திருப்பாரு. நீ ஹாஸ்டல்ல தூங்கிட்டிருப்ப" என்றார். பிறகு ரோலரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி 16-க்குக் கொண்டுவரக் கற்றுக்கொடுத்தார். கை எடுத்த பிறகு அது தானாக நழுவும், அதனால் கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து மறுபடியும் எண்ண வேண்டும் என்றும் சொன்னார். கால் மணி நேரம் கழித்து வந்தேன். 19. திரும்பவும் சரி பண்ணினேன்.

இதற்கெல்லாம் 20 நிமிஷம் ஆகியிருக்கும். அன்று மாலை அந்த வார்டில் அவருக்கு இருந்த வேலை எனக்குத் தெரியும். மருந்து கொடுக்க வேண்டும், ரத்தம் எடுத்து அனுப்ப வேண்டும், அடுத்த ஷிப்டுக்கு ஓவர் எழுத வேண்டும். அதற்கு நடுவில் ஒரு முதல் வருஷப் பெண்ணுக்காக அந்த 20 நிமிஷத்தை எடுத்து வைத்தார். புத்தகத்தில் அந்தக் கணக்கு இருக்கிறது, வகுப்பிலும் போட்டிருந்தேன், பரீட்சையில் எழுதினால் முழு மார்க் வாங்கியிருப்பேன். நான் நர்ஸானது அந்தக் கட்டில் பக்கத்தில்தான்.

நர்ஸ் பயிற்சிக்கு அரசு நிதி என்று சொன்னால் என் மனசில் வருவது அந்த 20 நிமிஷம்தான். அதை வாங்கப் பணம் வேண்டும். அந்தப் பணம் எந்தத் தலைப்பின் கீழும் எழுதப்படுவதில்லை என்பதுதான் என் மனக்குறை.

எழுதப்படுவது என்ன என்று பார்ப்போம். 2023 மத்திய பட்ஜெட்டில், 2014-க்குப் பிறகு தொடங்கிய மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்து 157 நர்சிங் கல்லூரிகள் கட்டப்படும் என்று அறிவித்தார்கள். அந்த ஏப்ரலிலேயே மத்திய அமைச்சரவை 1,570 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. கல்லூரிக்கு 10 கோடி. வருஷத்துக்கு 15,700 நர்சிங் பட்டதாரிகள் கூடுதலாக வருவார்கள் என்பது கணக்கு. தமிழ்நாட்டுக்கு 11. 2022 ஜனவரியில் திறந்த 11 புதிய மருத்துவக் கல்லூரிகளை நினைத்துப் பாருங்கள், விருதுநகர், நாமக்கல், நாகப்பட்டினம், ராமநாதபுரம் என்று. எங்களுக்குப் பக்கத்தில் என்றால் திருவள்ளூர். அந்த ஊர்களுக்கு வேண்டியதுதான், சந்தோஷம்தான். நாகப்பட்டினத்து மீனவர் மகள் உள்ளூரிலேயே படிக்கட்டும்.

ஆனால் கட்டடம் கட்ட ஒருமுறை போடும் பணமும், அந்தக் கட்டடத்துக்குள் வருஷா வருஷம் ஆள் வைக்கும் பணமும் வேறு வேறு. பத்து மாணவிகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது நர்சிங் கவுன்சிலின் விதி. அந்த ஆசிரியர் சம்பளம் மாநிலத்தின் தலையில். அது கூடப் பரவாயில்லை, காகிதத்திலாவது ஒரு விதி இருக்கிறது. வார்டில் நின்று கற்றுக்கொடுக்கிற நர்ஸுக்கு ஆசிரியர் என்ற பெயரும் இல்லை, அதற்கென ஒரு ரூபாயும் இல்லை. பயிற்சி மருத்துவமனை வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் இருக்க வேண்டும் என்று கவுன்சில் சொல்கிறது. என் சர்வீஸில் ஒருநாள்கூட அப்படி ஒரு வார்டை நான் பார்த்ததில்லை. நான் வேலை செய்த ஒரு மருத்துவமனையில் நைட் ட்யூட்டிக்கு 50 பேருக்கு ஒருத்தியாக நின்றிருக்கிறேன். மாணவிகளும் அன்று என்னோடு இருந்தார்கள். அவர்களுக்கு நான் கற்றுக்கொடுத்தது ஓடுவதற்கு மட்டும்தான்.

வார்டில் ஆளைக் குறைத்தால் நோயாளிக்குக் கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரிகிறது. அதே வெட்டில் பயிற்சியும் வெட்டப்படுகிறது என்பது யார் கண்ணிலும் படுவதில்லை. நிரந்தரப் பணியிடம் ஒன்றை நிரப்பினால் அது சம்பளச் செலவு என்று ஒரு கணக்கில் போகிறது. கல்லூரிக் கட்டடம் பயிற்சிச் செலவு என்று இன்னொரு கணக்கில் போகிறது. வார்டில் இரண்டும் ஒரே ஆள்தான். அந்த ஆள் இருந்தால் நோயாளியும் பிழைப்பார், மாணவியும் தேறுவாள்.

அந்த ஆளை நாம் எப்படி வைத்திருந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்து 7,000-க்கும் மேற்பட்ட நர்ஸுகளைத் தொகுப்பூதியத்தில் எடுத்தது. மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று நம்பி வந்தவர்கள். 2017 நவம்பரில் தேனாம்பேட்டையில் மருத்துவத் துறைத் தலைமை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் வந்து உட்கார்ந்தார்கள். பலர் கைக்குழந்தையோடு. பிறகு சம்பளம் 14,000 ஆனது, 18,000 ஆனது. கொரோனா நேரத்தில் இதே மாதிரி எடுக்கப்பட்டவர்களில் 2,000-க்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது. பி.பி.இ. கிட்டுக்குள் வேர்த்து ஊறி வேலை பார்த்தவர்கள் அவர்கள். அந்தக் காலத்தில் எனக்குப் போன் பண்ணிய ஒரு பழைய மாணவி சொன்னதை மறக்க முடியவில்லை. "மேடம், அடுத்த மாசம் நான் இங்க இருப்பேனான்னு எனக்கே தெரியல. என் கூட நிக்கற ஸ்டூடண்டுக்கு நான் என்னத்தச் சொல்லித்தர்றது?" வேலை நிலைக்குமா என்று தெரியாதவளால் இன்னொருத்தியை நிலையாக நிற்கப் பழக்க முடியாது. அவள் நல்ல நர்ஸ். அவளுக்கு மனசில்லாமல் போகவில்லை, தெம்பில்லாமல் போனது.

இதோடு தனியார் கல்லூரிகளையும் சேர்த்துப் பாருங்கள். போதுமான நோயாளிகள் தங்களிடம் இல்லாத கல்லூரிகள் கட்டணம் கட்டி மாணவிகளை அரசு மருத்துவமனைக்குப் போஸ்டிங் அனுப்புகின்றன. ஒரு கட்டிலைச் சுற்றி மூன்று நிறச் சீருடையில் பெண்கள் நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எல்லோர் கையிலும் கேஸ் புக். ஒரு பி.பி. பார்க்க எட்டுப் பேர். நோயாளி கையை நீட்டி நீட்டிக் களைத்துப்போவார். ஒருமுறை ஒரு மூன்றாம் வருஷப் பெண் என்னிடம் பரீட்சைக்கு முன் சந்தேகம் கேட்க வந்தாள். பிரசவ ரெக்கார்டில் 20 கேஸ் அழகாக எழுதியிருந்தாள், படம் வரைந்து, கலர் அடித்து. "இதுல எத்தனை நீ கையால எடுத்தது கண்ணு?" என்றேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "ரெண்டு" என்றாள். நான் படித்த காலத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம்.மில் பிரசவ போஸ்டிங். 1880-இலிருந்து ராயபுரத்தில் இருக்கும் மகப்பேறு மருத்துவமனை அது. ஒரு ராத்திரியில் குழந்தையின் தலை வரும்போது கையை எங்கே வைக்க வேண்டும் என்று சிஸ்டர் தன் கையை என் கை மேல் வைத்துக் காட்டினார். இப்போது நினைத்தாலும் உள்ளங்கையில் அந்தச் சூடு தெரிகிறது. இந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு கை கிடைக்கவில்லை. கட்டிய பணத்துக்கு அவளுக்குக் கிடைத்தது ரெக்கார்டு நோட்டு. தவறு அவளுடையது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உதவித்தொகை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என் வீட்டு வாசலுக்கு அதிகம் வருவது அதுதான்.

நல்லது நடந்திருக்கிறது. 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி எங்கள் வடசென்னையின் பாரதி மகளிர் கல்லூரியில்தான் புதுமைப்பெண் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், மேலே படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். டிப்ளமோவுக்கும் உண்டு. தொகை பெரிசில்லை என்பவர்கள் ஒரு நர்சிங் மாணவியின் மாதச் செலவை எழுதிப் பார்க்கட்டும். வெள்ளை ஷூ தேயும், ரெக்கார்டுக்குச் சார்ட் பேப்பர் வேண்டும், நைட் போஸ்டிங்கில் ஒரு டீயும் பன்னும் வேண்டும், நாப்கின் வேண்டும். இதற்கெல்லாம் அப்பாவிடம் கை நீட்ட வேண்டியதில்லை என்பது சின்ன விஷயமா? சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றான பிறகு திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் மின்ட் பக்கம் வந்து படிக்கிற பெண்கள் கூடியிருக்கிறார்கள். என் ஆயா முடிந்து வைத்த நோட்டு ஞாபகம் வருகிறது, ஒவ்வொரு தடவையும்.

சிக்கல் பெரிய கட்டணத்தில் இருக்கிறது. ஆதிதிராவிடருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை மத்திய, மாநில அரசுகள் 60:40 என்று பகிர்ந்துகொள்ளும் திட்டம். குடும்ப வருமானம் வருஷம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். திட்டம் நல்ல திட்டம். வியாசர்பாடியிலிருந்து ஒரு பெண், வெளியூர் தனியார் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் வருஷம். உதவித்தொகை வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. ஆதார் இணைப்பில் ஏதோ கோளாறு என்றார்கள், வங்கியில் கேட்டால் இல்லை என்றார்கள். கல்லூரி காத்திருக்கத் தயாராக இல்லை. ஃபீஸ் கட்டாத பெண்களை வகுப்புக்கு வெளியே பெயர் சொல்லி நிற்க வைத்தார்கள். மூன்றாம் நாள் அவள் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அம்மா வீட்டு வேலை செய்பவர். "நான் வேணா அவங்க காலேஜுலயே பெருக்கித் தொடச்சிக் கழிச்சிடறேன்னு சொல்லிப் பாருங்க சிஸ்டர்" என்று என்னிடம் கேட்டார். இதை எழுதும்போது கை நிற்கிறது.

நாங்கள் அலைந்தோம். நாலு மாதம் கழித்துப் பணம் வந்தது. அதற்குள் அவள் ஒரு பருவத்தின் வருகைப்பதிவை இழந்திருந்தாள். ஒரு வருஷம் தள்ளிப் படிக்கிறாள். உதவித்தொகை வந்துவிட்டது என்று அரசு ஏட்டில் இருக்கும். அவள் இழந்த வருஷம் எந்த ஏட்டிலும் இல்லை. அரசு ஒதுக்கிய பணம் கல்லூரித் தவணை தேதிக்கு முன்னால் வந்து சேர வேண்டும், அல்லது அது வரும்வரை மாணவியை வெளியே நிறுத்தும் கல்லூரியை அரசு கேள்வி கேட்க வேண்டும். இரண்டில் ஒன்றாவது நடக்க வேண்டும்.

படித்து முடித்த பிறகு என்ன சம்பளம் என்பதும் பயிற்சியோடு ஒட்டியதுதான், ஏனென்றால் கடன் வாங்கிப் படிக்கலாமா என்று குடும்பம் முடிவெடுப்பது அதை வைத்து. தனியார் மருத்துவமனைகளில் நர்ஸுகளுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி அமைந்த குழு 2016-இல் அறிக்கை கொடுத்தது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்குச் சமமாக, 50-க்குக் கீழ் என்றாலும் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் என்பது பரிந்துரை. எங்கள் பக்கத்துச் சின்ன நர்சிங் ஹோம்களில் அதில் பாதிக்கு வேலை பார்க்கும் டிப்ளமோ நர்ஸுகளை எனக்கு நேரில் தெரியும். இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர்கள் வளைகுடாவுக்கோ ஜெர்மனிக்கோ போகிறார்கள். மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே ஜெர்மன் மொழி சொல்லிக்கொடுத்து அனுப்புகிறது. போகட்டும். கொருக்குப்பேட்டையில் ஒற்றை அறையில் பிறந்தவள் பெர்லினில் சம்பாதித்துத் தம்பியைப் படிக்க வைத்தால் அதைவிட என்ன வேண்டும்? உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கைப்படி உலகத்தில் இன்னும் 58 லட்சம் நர்ஸுகள் பற்றாக்குறை. கூப்பிட ஆள் இருந்துகொண்டே இருப்பார்கள். என் கவலை போகிறவள் பற்றியதல்ல. சில வருஷ அனுபவத்தோடு, அடுத்தவளுக்குக் கற்றுக்கொடுக்கும் பக்குவம் வரும் நேரத்தில் அவள் போகிறாள். வார்டில் மிஞ்சுவது நேற்று சேர்ந்தவளும் இன்று வந்த மாணவியும்.

மருத்துவர் படிப்புக்கு அரசு காட்டிய அக்கறையைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-இல் 7.5 சதவீதம் ஒதுக்கி, அவர்கள் தனியார் கல்லூரிக்குப் போனாலும் கட்டணத்தை அரசே ஏற்றது. எங்கள் பகுதிப் பிள்ளைகளும் டாக்டருக்குப் படிக்கிறார்கள். அதே தைரியத்தோடு நர்சிங்குக்கும் ஒரு முடிவு வர வேண்டும் என்று கேட்கிறேன். வார்டில் மாணவிகளைப் பழக்கும் நர்ஸுக்கு அதற்கெனச் சம்பளத்தோடு ஒரு படித்தொகை, அந்த நேரத்துக்கு அவள் நோயாளிகளைப் பார்க்க இன்னொரு ஆள், இவ்வளவுதான். தனியார் கல்லூரிகள் போஸ்டிங்குக்குக் கட்டும் பணத்தையே இதற்குத் திருப்பிவிடலாம். அவர்கள் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுப்பது அவள்தானே.

தேவியின் அப்பாவிடம் அன்று சாயங்காலம் நான் சொன்னது: "அண்ணே, எவன் போன் பண்ணாலும் அட்வான்ஸ் கட்டாதே. நம்ம பாப்பா மார்க்குக்கு கவர்மெண்ட்ல கிடைக்கும். நாலு மாசம் பொறு." சொல்லும்போது எனக்கே வயிற்றைக் கலக்கியது. கிடைக்காமல் போயிருந்தால் அந்தக் குடும்பத்தின் ஒரு வருஷம் என் வாக்கினால் போயிருக்கும். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீ சொன்னா சரிதான் எக்கா" என்று கவரை மடித்துக்கொண்டு போனார். தடைக்காலம் முடிந்து ஜூன் 15 விடியற்காலையில் படகேறினார்.

அவளுக்கு அரசு பயிற்சிப் பள்ளியில் டிப்ளமோ இடம் கிடைத்தது. வெளிமாவட்டம், ஹாஸ்டல். இப்போது முதல் போஸ்டிங் தொடங்கியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினாள். வார்டில் எத்தனை நர்ஸ் என்று கேட்டேன். பகலில் இரண்டு பேர், ராத்திரி ஒருத்தர் என்றாள். சொல்லித்தருகிறார்களா என்றேன். "தர்றாங்க பெரியம்மா, டைம் இருந்தா." பிறகு, விநாடி முள் இருக்கிற கடிகாரம் வேண்டும் என்றாள். செல்போனை வார்டில் எடுக்கக் கூடாதாம். ராயபுரம் பக்கம் ஒரு கடையில் பார்த்து வைத்திருக்கிறேன், பெரிய எண்கள், சிவப்பு முள். புதன்கிழமை அவள் அப்பா கரை வந்ததும் கொடுத்து அனுப்ப வேண்டும்.